படகுத்துறைப் பங்கில் பிறந்த கிறிஸ்மஸ் பாடல்



யூபிலி மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பாட்டுக்குழுவினர், "சாமி, கோவில் வரலாற்றை மற்றவர்கள் எழுதுகிறார்கள். நீங்கள் ஒரு பாட்டின் வரலாறு எழுதுங்கள்" என்றார்கள். எந்தப் பாட்டு என்று நாம் கேட்கவேண்டியிருக்கவில்லை. நடுச்சாமத் திருப்பலியில், பாலன் இயேசுவின் சுரூபத்தைக் குடிலில் கிடத்தும் வேளையில், விளக்குகளைத் தணித்துவிட்டு ஆண்டுதோறும் நாம் பாடுகிறோமே, இளைஞர்கள் 'சைலண்ட் நைட்' என்று சொல்லும் பாட்டு, அதுதான். வெள்ளைக்காரர் பாட்டு, பனி பெய்யும் தேசத்துப் பணக்காரக் கோவில்களில் ஆர்கன் முழங்கப் பாடப்பட்டது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். குருமடத்தில் படித்த காலத்தில் நாமும் அப்படித்தான் எண்ணினோம். உண்மை வேறு. அது உவரியைப் போலவே தண்ணீரை நம்பிப் பிழைத்த ஓர் ஏழைப் பங்கில் முதன்முதலாக ஒலித்த பாட்டு.

ஆஸ்திரியா நாட்டில் சால்ஸ்பர்க் நகருக்கு வடக்கே, சால்சாக் என்னும் ஆற்றின் கரையில் ஓபெர்ன்டார்ஃப் என்றொரு ஊர் உண்டு. நம் தூத்துக்குடிப் பக்கம் வெயில் உப்பை விளைவிக்கிறது. அந்நாட்டிலோ உப்பு மலைக்குள் இருக்கிறது. ஹால்லைன் சுரங்கத்து உப்பைப் படகில் ஏற்றி ஆற்றோடு கொண்டு செல்வதுதான் ஓபெர்ன்டார்ஃப் ஆண்களின் பிழைப்பு. குளிர்காலத்தில் படகு ஓடாது, வருமானமும் கிடையாது. அந்த மாதங்களில் படகோட்டிகள் நாடகம் போட்டு நாலு காசு சம்பாதித்தார்களாம். கடற்கரை ஊர்களில் விடிய விடிய நடந்த வாசகப்பாக்களை நினைவு வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. அவர்களுடைய கோவிலின் பாதுகாவலர் புனித நிக்கோலாஸ், கப்பலோட்டிகளின் பாதுகாவலர். நோயால் வாடிய கப்பலில் செதுக்கப்பட்ட சுரூபமாக நம் கரைக்கு வந்தார் என்று நாம் வழிவழியாகச் சொல்லிவரும் புனித அந்தோணியாரைப் போல, அவரும் தண்ணீரில் போவோரின் துணைவர்.

நெப்போலியன் போர்கள் முடிந்த சமயம் அது. 1816-இல் அந்த ஆற்றின் நடுவே நாட்டெல்லை வகுத்தார்கள். அக்கரையில் இருந்த லாஃபென் பவேரியாவுக்கும், இக்கரையில் இருந்த ஓபெர்ன்டார்ஃப் ஆஸ்திரியாவுக்கும் போயின. ஒரே ஊராக இருந்தவர்கள் இரு நாட்டவர் ஆனார்கள். தண்ணீரில் கோடு போட்டால் என்ன ஆகும் என்பதைக் கடல்தொழில் செய்வோருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. இது போதாதென்று, 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்துக் கிளம்பிய புகைமண்டலம் வானத்தை மறைக்க, 1816-இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. பயிர் அழிந்து பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்ச ஆண்டில்தான் இப்பாடலின் வரிகள் எழுதப்பட்டன.

எழுதியவர் ஜோசப் மோர் என்னும் இளங்குரு. 1792 டிசம்பர் 11-இல் சால்ஸ்பர்க்கில் பிறந்தவர். தாய் பின்னல் வேலை செய்து பிழைத்த, மணமாகாத பெண். தகப்பன் படையை விட்டு ஓடிப்போன சிப்பாய். ஞானத்தந்தையாகப் பெயர் கொடுத்தவரோ அவ்வூரில் மரணதண்டனையை நிறைவேற்றும் பணியாள். அவரும் நேரில் வராமல் ஆள் அனுப்பிவைத்தார். சிறுவனின் குரலையும் அறிவையும் கண்ட பேராலயத்துக் குரு ஒருவர் அவனை எடுத்துப் படிக்கவைத்தார். முறைப்படி மணமாகாத பெற்றோரின் பிள்ளை குருவாவதற்கு அக்காலத் திருச்சபையில் தனி அனுமதி வேண்டும். அதைப் பெற்று 1815-இல் மோர் குருப்பட்டம் பெற்றார். மரியாஃபார் என்னும் மலைக்கிராமத்தில் உதவிக் குருவாக இருந்தபோது, 1816-இல் ஆறு சரணங்களில் இப்பாடலை எழுதினார். 1995-இல் அவருடைய கைப்பிரதி கிடைத்த பிறகே இந்த ஆண்டு உறுதியாயிற்று. அதுவரை வரிகளும் இசையும் ஒரே நாளில் பிறந்தவை என்றே எல்லாரும் எழுதிவந்தார்கள்.

1817-இல் மோர் ஓபெர்ன்டார்ஃபுக்கு வந்தார். 1818 டிசம்பர் 24 அன்று, பக்கத்து ஊர் ஆசிரியரும் கோவில் ஆர்கன் வாசிப்பவருமான நண்பரிடம் வரிகளைக் கொடுத்து, இரண்டு குரலுக்கும் கிட்டாருக்கும் ஏற்ற இசை அமைத்துத் தரும்படி கேட்டார். நெசவாளி மகனான அந்த ஆசிரியரின் பெயர் ஃபிரான்ஸ் சாவேர் குரூபர். 'சாவேர்' யார் என்று தெரிகிறதல்லவா? நம் முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் செபம் சொல்லிக்கொடுத்த அதே சவேரியார்தான். நம் கடற்கரையில் வீட்டுக்கு வீடு வழங்கும் பெயர் ஆஸ்திரிய நெசவாளி வீட்டிலும் வழங்கியிருக்கிறது.

அன்றிரவே மோர் கிட்டார் மீட்டி மேற்குரலில் பாட, குரூபர் கீழ்க்குரலில் சேர, ஒவ்வொரு சரணத்தின் கடைசி அடிகளையும் பாட்டுக்குழு திருப்பிப் பாடியது. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் இம்முறையை நம் அம்பாப் பாட்டுகளிலும் கேட்கிறோம். தாளமும் தாலாட்டின் தாளந்தான். தொட்டில் ஆடுவதாகவும் கொள்ளலாம், துறையில் கட்டிய படகு ஆடுவதாகவும் கொள்ளலாம். எலி கடித்து ஆர்கன் பழுதானதால் கிட்டார் வந்தது என்று நம் மறைக்கல்வி வகுப்புகளில் இன்னமும் கதை சொல்கிறார்கள். நாமும் சொல்லியிருக்கிறோம்! 1854-இல் குரூபர் தம் கைப்பட எழுதிவைத்த குறிப்பில் எலியும் இல்லை, பழுதான ஆர்கனும் இல்லை.

மோருக்கு அவ்வூரில் நல்ல பெயர் மட்டும் இருக்கவில்லை. மேலாளராயிருந்த குரு, இவர் குருவுக்குரிய கண்ணியமின்றி விளையாட்டுத்தனமாய்த் திரிகிறார், பக்திக்கு உதவாத பாட்டுகளைப் பாடுகிறார் என்று மேலிடத்துக்கு எழுதினார். விசாரணை மோருக்குச் சாதகமாகவே முடிந்தது. இதைப் படித்தபோது நமக்கு உறுத்தியது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நாம் புதுக்குருவாய் வேறொரு கடற்கரைப் பங்கில் இருந்தபோது, நடுச்சாமத் திருப்பலிக்கு ஓர் இளைஞர் கிட்டார் கொண்டுவந்தார். சினிமாக் கச்சேரிபோல் இருக்கும் என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். நாமும், ஆர்மோனியம் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அதற்குப் பிறகு அவர் பாட்டுக்குழுப் பக்கமே வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, கப்பல் மாதா கோவில் திருவிழாவில் எதிர்ப்பட்டார். உவரியில் பெண் எடுத்து இங்கேயே தொழில் செய்கிறாராம். கிட்டாரைப் பற்றிக் கேட்டோம். "அத வித்துத்தான் சாமி வலை வாங்குனேன்" என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓபெர்ன்டார்ஃபுக்கு ஆர்கன் பழுதுபார்க்க வந்தவர் இப்பாடலைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்றதாகச் சொல்கிறார்கள். அங்கிருந்து பாடகர் குடும்பங்கள் ஊர் ஊராய்ப் பாடின. 1839-இல் நியூயார்க்கிலேயே ஒலித்துவிட்டது. ஆனால் பாட்டு போன இடமெல்லாம் ஆக்கியோன் பெயர் கூடப் போகவில்லை. 1854-இல் பெர்லின் அரசவை இசைக்குழு, இது மிக்கேல் ஹைடன் என்னும் பெரிய இசைமேதையின் ஆக்கமோ என்று சால்ஸ்பர்க்குக்கு எழுதிக் கேட்டது. அதற்கு விடையாகத்தான் குரூபர் அந்தக் குறிப்பை எழுதினார். மோர் அதைக் காண இல்லை. வாக்ரைன் என்னும் ஊரில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டிவிட்டு, 1848 டிசம்பர் 4-இல் கையில் காசின்றி இறந்துபோனார். அது சவேரியார் திருநாளுக்கு மறுநாள். 1963-இல் அதே டிசம்பர் 4 அன்றுதான், அவரவர் தாய்மொழிக்குத் திருவழிபாட்டில் வழிதிறந்த சங்க ஏடு வெளியாயிற்று. இலத்தீன் காலத்திலேயே சொந்த மொழியில் பாடிய மோருக்கு அது பொருத்தமான நாள்தான்.

ஆறு சரணங்களில் இன்று உலகெங்கும் பாடப்படுவன மூன்றே. 1859-இல் ஆங்கிலத்தில் பெயர்த்த ஜான் ஃபிரீமன் யங் முதலாவது, ஆறாவது, இரண்டாவது சரணங்களை எடுத்துக்கொண்டார். தாயும் சேயும், வானதூதரும் இடையரும் அவற்றில் வருகிறார்கள். விட்டுப்போனதில் நான்காம் சரணத்தைத்தான் இப்பாட்டின் நெஞ்சு என்று நாம் கருதுகிறோம். தந்தையின் அன்பு முழுவதும் பொழிந்த அந்த இரவில், பிறந்த பாலன் உலகத்து மக்களினங்கள் அனைத்தையும் சகோதரனாய் அணைத்துக்கொண்டார் என்பது அதன் கருத்து. போரும் பஞ்சமும் மாறாத நாளில், ஆற்றுக்கு நடுவே எல்லை வகுக்கப்பட்ட ஆண்டில், தகப்பன் முகம் அறியாத ஒருவர் எழுதியது இது. இதை விட்டுவிட்டால் பாட்டு வெறும் தூக்கப்பாட்டாகிவிடுகிறது. 1914 கிறிஸ்மஸ் இரவில் மேற்குப் போர்முனையில் ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் துப்பாக்கியைத் தாழ்த்தி, பதுங்குகுழிகளிலிருந்து மாறிமாறிப் பாடிய பாடல்களில் இதுவும் ஒன்று.

அந்த நிக்கோலாஸ் கோவில் இன்று இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தால் ஊரையே ஆற்றின் மேற்பக்கம் மாற்றிக் கட்டினார்கள். பழைய கோவில் இடிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிறு காலையைக் கண்ட நம் கரைக்கு, தண்ணீர் கொடுப்பதும் எடுப்பதும் தெரிந்தவைதாம். கோவில் நின்ற இடத்தில் சிற்றாலயம் ஒன்று எழுப்பி, 1937-இல் தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று திறந்தார்கள். மோரின் கிட்டார் ஹால்லைன் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நான்காம் சரணத்தை நாமே தமிழாக்கிப் பாட்டுக்குழுவிடம் கொடுத்திருக்கிறோம். மெட்டில் இரண்டிடம் இடிக்கிறது என்கிறார்கள், திருத்திக்கொள்ளட்டும். கிட்டார் வாசிக்க, வலை வாங்கிய அந்த நண்பரையே கேட்டிருக்கிறோம். விரல் மறந்துவிட்டது என்கிறார், ஆனால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒத்திகை திருவருகைக் கால முதல் ஞாயிறு மாலை, செபமாலைக்குப் பிறகு.