கேடிப் பதிவேடும் மூன்றாம் தண்டனையும்



இந்த ஆண்டு நினைவுப் பேருரையைக் கோபாலபுரத்தில் வைப்பது என்று முடிவானதும், அழைப்பிதழ் கொடுக்கப் பக்கத்துத் தெருக்களில் நடந்தோம். பெரிய வீடுகளின் வரிசை முடிகிற இடத்தில் ஒரு சந்து. அங்கே ஓர் அம்மா அழைப்பிதழை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எம் புள்ளைய அனுப்ப மாட்டேன்பா. கூட்டத்துல நின்னான்னு புடிச்சிட்டுப் போயிடுவாங்க. ஏற்கெனவே கேடி லிஸ்ட்ல பேரு இருக்குது." அன்றைக்கு நாங்கள் வைத்திருந்த தலைப்பு தலித் இதழ்களின் வரலாறு. அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்துவிட்டோம்.

கேடி என்ற சொல்லை நாம் தமிழ்ச் சொல்லாகவே ஆக்கிவிட்டோம். சினிமாவுக்குப் பெயராக வைக்கிறோம், பிள்ளைகளைச் செல்லமாகத் திட்டுகிறோம். கேடு என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போனதும் அது நிலைத்ததற்குக் காரணமாக இருக்கலாம். உண்மையில் அது சென்னை மாகாணக் காவல்துறைப் பதிவேட்டில் இருந்த ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். 'அறியப்பட்ட கொள்ளைக்காரர்' என்று அதற்குப் பொருள். யாரால் அறியப்பட்டவர்? காவலரால். நீதிமன்றம் தண்டித்தவர்தானா என்ற கேள்வி அந்த இரண்டு எழுத்துக்குள் இல்லை.

தண்டனை பெற்றவர் மறுபடி குற்றம் செய்தால் கூடுதல் தண்டனை என்ற ஏற்பாடு இந்திய தண்டனைச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் இருந்தது. மூன்றாண்டோ அதற்கு மேலோ தண்டனை தரத்தக்க குற்றத்தில் ஒருமுறை தண்டிக்கப்பட்டவர், அதே வகைக் குற்றத்தை மீண்டும் செய்தால் பத்தாண்டு வரையோ ஆயுள் முழுதுமோ சிறை. நியாயம்தானே என்று தோன்றும். எந்தக் குற்றங்களுக்கு என்று பாருங்கள். நாணயம் தொடர்பான அத்தியாயம் ஒன்று, சொத்து தொடர்பான அத்தியாயம் ஒன்று. உடலுக்கு எதிரான குற்றங்கள் அதில் இல்லை. திருட்டுக்கு உச்சபட்சத் தண்டனை மூன்றாண்டு. ஆகவே இரண்டாவது முறை பாத்திரம் திருடியவர் இதில் சிக்குவார். இரண்டாவது முறையாகச் சேரிக்குள் புகுந்து கையை உடைத்த பண்ணையார் சிக்கமாட்டார். எதைக் காப்பதற்கு அந்தச் சட்டம் எழுதப்பட்டது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 13ஆம் பிரிவாக, அதே இரண்டு அத்தியாயங்களோடு, அப்படியே இருக்கிறது.

75ஆம் பிரிவிலாவது நீதிபதிக்குக் கையில் கொஞ்சம் இடம் இருந்தது. கூட்டலாம், கூட்டாமலும் விடலாம். முந்தைய தண்டனையின் நாளையும் இடத்தையும் குற்றச்சாட்டிலேயே குறிப்பிட வேண்டும். புதிய குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை பழையதை எடுத்துப் பேசக்கூடாது என்ற நடைமுறையும் உண்டு. பழைய கதை நீதிபதியின் மனத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். நல்ல விதி. ஆனால் எல்லாரையும் அது காக்கவில்லை.

1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் முதலில் வடஇந்தியாவுக்கானது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தது. கைரேகை, பதிவு, ஊர்விட்டு ஊர் போக அனுமதி, இரவு நேரக் கணக்கெடுப்பு ஆகியவற்றைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். அதிகம் பேசப்படாதது 1924ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. குற்றப்பரம்பரை என்று அறிவிக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர், பட்டியலிட்ட குற்றங்களில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறை என்றால் ஆயுளுக்கும் நாடு கடத்தல். இதைவிடக் குறைத்துக் கொடுக்க நினைக்கும் நீதிபதி, அதற்கான சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும். அதாவது மற்றவர்களுக்குத் தண்டனை கூடுவதற்குக் காரணம் தேவைப்பட்டது. இவர்களுக்குக் குறைவதற்குக் காரணம் தேவைப்பட்டது. ஒரே திருட்டு, ஒரே நீதிமன்றம். பிறந்த சாதி மட்டும் வேறு.

1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில், பதிவுக்கு மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் இறந்ததாக அங்குள்ள நினைவு சொல்கிறது. தென்மாவட்டங்களில் நம் மக்களுக்கும் அச்சாதியினருக்கும் இடையே இன்று இருப்பது என்னவென்று தெரிந்துதான் இதைச் சொல்கிறோம். அந்தப் பிணங்களை நாம் மறைக்க வேண்டிய அவசியமில்லை. கூடவே அவர்கள் மேடைகளில் சொல்லப்படாத ஒன்றையும் சேர்த்துச் சொல்வோம்: அந்தப் பட்டியலில் தென்னாற்காட்டு வேப்பூர்ப் பறையரும் இருந்தார்கள். குறவர் சமூகத்தின் பல பிரிவுகளும் இருந்தன. தீண்டத்தகாதவர் என்ற முத்திரைக்கு மேல் திருடர் என்ற முத்திரையும் குத்தப்பட்டவர்கள் அவர்கள்.

சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதற்குமான நீக்கம் 1952 ஆகஸ்ட் 31. ஆனால் இடையில், 1948இலேயே, சென்னை மாகாணம் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை நிறைவேற்றிவிட்டது. இம்முறை சாதிப்பெயர் இல்லை, தனிமனிதர் மட்டும். ஆனால் பல தலைமுறையாகப் பதிவேட்டில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத்தானே முந்தைய தண்டனைகள் கைவசம் இருக்கும்?

'வழக்கமான' என்ற ஒற்றைச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதில்தான் சுதந்திர இந்தியாவின் நீதிமன்றங்கள் தங்களைச் சோதித்துக்கொண்டன. 1980இல் கோபாலனாச்சாரி எதிர் கேரள அரசு வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவை இறுக்கமாகப் படிக்க வேண்டும் என்றார். ஆபத்தானவர் என்று காவல்துறை அடைமொழி ஒட்டுவது போதாது, தெளிவான ஆதாரம் வேண்டும் என்பது அதன் சாரம். 1984இல் விஜய் நாராயண் சிங் எதிர் பீகார் அரசு வழக்கில், இடையறாத தொடர்ச்சி இருந்தால்தான் 'வழக்கமாக' என்று சொல்ல முடியும், ஒற்றைச் செயலை அப்படி அழைக்க முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம், நாம் குண்டர் சட்டம் என்று சொல்வது, விசாரணையின்றி ஓராண்டு அடைக்கிறது. 'குண்டர்' என்பதன் வரையறையும் அதே 'வழக்கமாக' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், காவல் துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுத்த 2013, 2014ஆம் ஆண்டு அரசாணைகளை ரத்து செய்தது. பிடித்தவரே பிணைப்பத்திரம் எழுதி வாங்கி, அது மீறப்பட்டது என்று அவரே சிறைக்கும் அனுப்புவது எப்படி நீதியாகும்?

இனி நம் பக்கத்துக் கணக்கு. தீண்டாமைக்கு எதிரான 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலும் திரும்பச் செய்தால் கூடுதல் தண்டனை உண்டு. இரண்டாம் முறை ஆறு மாதம் முதல் ஓராண்டு. மூன்றாம் முறையும் அதற்குப் பின்னும் ஓராண்டு முதல் இரண்டாண்டு. குறவர் ஒருவரின் மூன்றாவது குற்றத்துக்கு ஆயுள் முழுதும். மூன்றாவது முறை தண்ணீர்க் குழாயைத் தொடவிடாதவருக்கு அதிகபட்சம் இரண்டாண்டு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, மறுமுறை குற்றத்துக்குக் குறைந்தபட்சம் ஓராண்டு என்கிறது. அது பயன்பட வேண்டுமானால் முதல் தண்டனை ஒன்று கிடைத்திருக்க வேண்டும். சமரசம், பிறழ்சாட்சி, பொய்ப்புகார் என்று முடித்து வைக்கப்படும் வழக்குகளில் முதல் தண்டனைக்கே வழியில்லை. நம் மீது வன்முறை செய்கிறவர் ஏட்டில் எப்போதும் முதல் முறைக் குற்றவாளிதான்.

அமெரிக்காவிலும் இது தெரிந்த கதை. 2003இல் யூயிங் எதிர் கலிஃபோர்னியா வழக்கில், மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடியவருக்கு, முந்தைய தண்டனைகளைக் காட்டி விதிக்கப்பட்ட குறைந்தது 25 ஆண்டு முதல் ஆயுள் வரையான சிறையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உறுதி செய்தது.

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சிறைகளுக்குள் சாதிவாரியாக வேலை பிரிப்பதையும், கைதிப் பதிவேட்டின் சாதிப் பத்தியையும் தூக்கச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையின் சாதிவாரிப் பிரிப்பும் அவ்வழக்கில் பேசப்பட்டது. சிறைக் கையேடுகளில் 'வழக்கமான குற்றவாளி' என்பதற்குச் சாதியை ஒட்டிப் பொருள் கொள்ளக்கூடாது, மாநிலச் சட்டங்களின் வரையறைப்படிதான் கொள்ள வேண்டும் என்றது. அந்த மாநிலச் சட்டங்கள் செல்லுமா என்பதை எதிர்கால வழக்குக்கு விட்டது. அந்த வழக்கை யாராவது போட வேண்டும்.

சந்தில் பார்த்த அம்மாவிடம் பிள்ளையின் வழக்குத் தாள்களைக் கேட்டு வாங்கினோம். ஜாமீன் மனுவை எதிர்த்துக் காவல்துறை கொடுத்த பதிலில் முந்தைய வழக்குகள் ஆறு. அதில் இரண்டு 110ஆம் பிரிவுப் பிணைப்பத்திரங்கள். மூன்றில் விடுதலை. ஒன்று இன்னும் நடக்கிறது. தண்டனை என்று ஒன்றுகூட இல்லை. சட்டம் படிக்கிற மாணவத் தோழர்கள் நான்கு பேர் இதே வேலையை மற்ற வீடுகளிலும் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்கள் வாசல் மேசையில் இருப்பார்கள். தாள் வைத்திருப்பவர்கள் நகல் எடுத்துக் கொடுங்கள்.