ஆணையும் அமைப்பும்: கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம், 1946–1949

கொங்கு நாட்டின் அரசியல் வரலாற்றை எழுதுவோர் இரண்டு பெயர்களில் நின்றுவிடுவது வழக்கம். ஒருவர் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராக இருந்த குமாரமங்கலம் ப. சுப்பராயன். மற்றவர் பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்து, மாநில நிதி, கல்வித் துறைகளை நடத்தி, தில்லி சென்று பசுமைப் புரட்சியோடு பெயர் சேர்ந்த சி. சுப்பிரமணியம். இவ்விருவருக்கும் இடையில் வரவேண்டிய தி.சு. அவினாசிலிங்கம், அரசியல்வாதிகள் வரிசையிலிருந்து மெல்ல நகர்ந்து கல்விக் கொடையாளர் வரிசைக்குப் போய்விட்டார். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் இதற்கான காரணம் கண்ணுக்கே தெரிகிறது. பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம். அதைத் தாண்டிப் போனால் காரமடை ஒன்றியத்தின் விவேகானந்தபுரத்தில் அவர் பெயர் தாங்கிய வேளாண் அறிவியல் நிலையம். இந்த வட்டாரத்தில் அவர் ‘ஐயா’. அந்த மரியாதை நியாயமானதே. ஆனால் அதன் நிழலில் அவருடைய மூன்றாண்டு அமைச்சர் வாழ்வு ஆராயப்படாமல் போனது நமக்கு இழப்பு.

என் வாதம் இது. அவினாசிலிங்கம் அமைச்சராகச் செய்தவற்றுள், அமைச்சர் இல்லாமலும் நடக்கும்படி அமைப்பும் வருவாயும் தந்து நிறுத்தியவை நிலைத்தன. அரசின் ஆணையை மட்டுமே நம்பி அவர் செய்த ஒரு பெரிய காரியம், கட்டாய இந்தி, இரண்டே ஆண்டுகளில் விழுந்தது. வித்யாலயத்தை நடத்திய அனுபவத்தில் அவர் கற்ற அரசியல் முறை ஒன்று உண்டு. அதை அவர் கைவிட்ட இடத்தில்தான் தோற்றார்.

1903 மே 5ஆம் நாள் திருப்பூரில் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்து, காங்கிரசில் சேர்ந்து, பலமுறை சிறை சென்றவர். திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தவர். 1934 தேர்தலில் மத்திய சட்டசபைக்குப் போனார். இவற்றுள் எதையும்விட நம் வாதத்துக்கு முக்கியமானது 1930இல் வித்யாலயத்தைத் தொடங்கியது. நாடெங்கும் உப்புச் சத்தியாகிரகம் நடந்த ஆண்டு அது. மற்றவர்கள் போராட்டத்தை முதலிலும் நிர்மாணப் பணியைப் பிறகும் வைத்துக்கொண்டபோது, இவர் இரண்டையும் ஒரே ஆண்டில் கையிலெடுத்தார். 1934இல் ஹரிஜன யாத்திரையில் கோவை வந்த காந்தி, வித்யாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். நிறுவனர் சிறையில் இருந்தாலும் பள்ளி நடக்கவேண்டும் என்ற நெருக்கடி, எதையும் ஓர் ஆளின்மேல் ஏற்றிவைக்கக் கூடாது என்ற பாடத்தை அவருக்குத் தந்திருக்க வேண்டும்.

1946இல் பிரகாசம் அமைச்சரவையிலும், 1947 மார்ச்சில் அமைந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையிலும் கல்வித் துறை அவரிடம் இருந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி 1930களின் இறுதியிலேயே தொடங்கியிருந்தாலும், அதை உறுதியாக நடத்திக் காட்டும் பொறுப்பு இவர் காலத்தில் வந்தது. ஆணை பிறப்பிப்பது எளிது. வகுப்பில் நிற்கும் ஆசிரியர் மின்சாரத்தையும் மண்ணியலையும் நாணயமாற்றையும் தமிழில் சொல்ல எந்த நூலைப் புரட்டுவார்? தமிழை வாழ்த்திய மேடைகள் அன்று ஏராளம். இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் குறைவு.

அவருடைய விடை, 1946இல் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம். அதன் தலைவராக இருந்து அவர் எடுத்த பெரும்பணி தமிழ்க் கலைக்களஞ்சியம். முதன்மைப் பதிப்பாசிரியராக அமர்த்தியது வித்யாலயத்தில் பல்லாண்டு ஆசிரியராயிருந்த பெரியசாமித் தூரனை. அந்தத் தேர்வே ஒரு கொள்கைச் செய்தி என்பேன். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரைத் தேடாமல், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழகிய ஒரு கவிஞரிடம் பொறுப்பு கொடுக்கப்பட்டது. கலைக்களஞ்சியத்தின் நடையில் அதன் பலன் தெரிகிறது: துறை வல்லுநர் எழுதிய கட்டுரையைப் பள்ளி ஆசிரியர் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறது. முதல் தொகுதி 1954இல் வந்தது. பத்தாம் தொகுதி 1968இல். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். அது முடிந்த கையோடு குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதிகளாக வெளிவரத் தொடங்கியது.

இந்த ஆண்டுகளை வைத்துப் பார்க்கவேண்டும். 1949 ஏப்ரலில் ஓமந்தூரார் விலகிக் குமாரசாமி ராஜா முதல்வரானபோது அவினாசிலிங்கத்தின் பதவியும் முடிந்தது. முதல் தொகுதி வந்ததோ அதற்கு ஐந்தாண்டு கழித்து. இராஜாஜி, காமராசர், பக்தவத்சலம், அண்ணா என நான்கு முதல்வர்களின் காலத்தையும், காங்கிரசிலிருந்து தி.மு.க.வுக்கு ஆட்சி மாறியதையும் கடந்து அந்தப் பணி நிறைவேறியது. அரசுத் துறையின் ஒரு பிரிவாக அதைத் தொடங்கியிருந்தால், புதிய அமைச்சரின் முதல் சிக்கன நடவடிக்கையில் கோப்பு மூடப்பட்டிருக்கும்.

நூலகச் சட்டம் இதற்கு இணையான சான்று. என் கணிப்பில் இதைவிடப் பெரியது. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழி எஸ்.ஆர். இரங்கநாதன், சட்டத்தின் பின்பலம் இல்லாமல் பொது நூலகம் நிலைக்காது என்று பல ஆண்டுகள் வாதாடிவந்தார். 1920களில் இலண்டனில் பயின்றபோது அவர் பார்த்த பிரிட்டிஷ் நூலகங்கள், 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உள்ளூர் வரியில் வளர்ந்தவை. அந்தக் கருத்துக்கு இங்கே காதுகொடுத்த அமைச்சர் அவினாசிலிங்கம். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன் உயிர் அதன் நிதி ஏற்பாட்டில் இருக்கிறது. சொத்துவரி, வீட்டுவரியோடு நூலக வரி சேர்த்து வசூலிக்கப்பட்டு, மாவட்டந்தோறும் அமையும் நூலக ஆணைக்குழுவுக்குப் போகும். ஆண்டுதோறும் நிதி அமைச்சரின் வாசலில் நூலகம் கையேந்தி நிற்கவேண்டியதில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950இல். அப்போதும் இவர் அமைச்சர் அல்லர். காரமடையில் இன்று வீட்டுவரி கட்டுகிற ஒருவர் அந்த வரியோடு நூலகத்துக்கும் சேர்த்தே கட்டுகிறார்.

இனி இந்தி. அவர்மேல் அன்பு கொண்டோர் எழுதிய வரலாறுகள் இந்தப் பகுதியில் அவசரமாக நடக்கின்றன. நான் இங்கே நிற்க விரும்புகிறேன். 1948–49 கல்வியாண்டில் ஓமந்தூரார் அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. மேல்வகுப்புக்குப் போக இந்தியில் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் வேண்டும் என்றது. கல்வி அமைச்சர் என்ற முறையில் அதற்கு அவர் பொறுப்பாளி. பெரியாரும் அண்ணாவும் களத்தில் இறங்கியது எதிர்பார்த்தது. தேசிய இயக்கத்தில் ஊறிய ம.பொ. சிவஞானமும் திரு.வி.க.வும் எதிர்ப்பில் நின்றதை எதிர்க்கட்சி வேலை என்று தள்ள முடியாது. ஆகஸ்டில் பெரியாரும் அண்ணாவும் கைதானார்கள். டிசம்பர் இறுதியில் சமரசம் ஏற்பட்டது. 1950–51 முதல் இந்தி விருப்பப் பாடமாயிற்று.

பத்தாண்டுக்கு முன் இராஜாஜி அரசு இதே வழியில் போய்ப் பட்டதை அவர் அறிவார். 1939இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கைதான நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்ட நிலையில் உயிரிழந்தார்கள். 1940இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அப்படியிருந்தும் மதிப்பெண் நிபந்தனையைச் சேர்த்ததை என்னால் ஏற்க முடியவில்லை. தாய்மொழியில் படிக்க வழிசெய்து உள்ளே அழைத்த முதல் தலைமுறைப் பிள்ளையை, வேறொரு மொழியைக் காட்டி வாசலில் நிறுத்துவதாக அது ஆகிவிட்டது. அவர் மனத்தில் முரண் எதுவும் இருந்திருக்காது. வித்யாலயத்தின் காந்திய உலகில் தமிழும் இந்தியும் பகையல்ல. அங்கே சேர்வோர் அந்த நெறியை விரும்பி ஏற்று வந்தவர்கள். மாகாணம் முழுவதும் ஒரு வித்யாலயம் ஆகிவிடாது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. நூலகச் சட்டத்துக்கு வருவாயையும் ஆணைக்குழுவையும் யோசித்தவர், கலைக்களஞ்சியத்துக்குக் கழகத்தை யோசித்தவர், இந்திக்கு மக்களின் சம்மதம் என்ற அடித்தளத்தை யோசிக்காமல் விட்டார்.

என் வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். கலைக்களஞ்சியம் மத்திய, மாநில அரசுகளின் மானியத்தையும் பெற்றது. பிறகெப்படி அது அரசைச் சாராதது? பணம் வந்தது உண்மை. ஆனால் யார் எழுதுவது, எந்தச் சொல்லைக் கொள்வது, எப்போது அச்சேற்றுவது என்ற முடிவுகள் கழகத்தின் கையில் இருந்தன. பொதுமக்களின் நன்கொடையும் சேர்ந்திருந்ததால் ஒரு கதவு மூடினாலும் இன்னொன்று திறந்திருந்தது. இரண்டாவது மறுப்பு வலுவானது. தாய்மொழிவழிக் கல்வியும் ஆணைதானே, அது ஏன் விழவில்லை? அது பள்ளியில் நின்றதற்குக் காரணம், ஆசிரியரும் பாடநூலும் அங்கே ஓரளவு கிடைத்ததே. கல்லூரியில் அந்த ஏற்பாடு இல்லை. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு சோதனையாகத் தொடங்கியபின்னும் தொழிற்கல்வியும் மருத்துவமும் அசையவில்லை. கலைக்களஞ்சியம் போட்ட பாதையில் துறைதோறும் நூல்கள் வந்திருக்கவேண்டும், வரவில்லை.

பதவிக்குப் பின் 1952 முதல் 1957 வரை திருப்பூர்த் தொகுதியின் மக்களவை உறுப்பினர், பிறகு 1958 முதல் 1964 வரை மாநிலங்களவை உறுப்பினர். இந்த ஆண்டுகளில் அவர் மனம் இருந்தது தில்லியில் அன்று. 1957இல் கோவையில் பெண்களுக்கான மனையியல் கல்லூரி தொடங்கியது. அதை முனைவர் இராஜம்மாள் தேவதாஸ் வளர்த்தெடுத்தார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1991 நவம்பரில் அவினாசிலிங்கம் மறைந்தபோது அவர் தொட்ட நிறுவனம் எதுவும் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை.

ஆனால் அவர் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. நூலக வரியில் அது தெரிகிறது. சட்டம் வருவாயை நூலகத்துக்கென்று ஒதுக்கியது. வசூலிக்கும் கையை உள்ளாட்சியிடமே விட்டது. மக்களிடம் பெற்ற நூலக வரியை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் ஆணைக்குழுக்களுக்குச் செலுத்துவதில்லை என்பது நெடுநாள் புகார். அவினாசிலிங்கத்தைப் பற்றி இனி எழுதப்படும் ஆய்வு, அவருடைய சொற்பொழிவுகளை விட்டுவிட்டு மாவட்ட நூலக ஆணைக்குழுக்களின் வரவு-செலவுக் கணக்கிலிருந்து தொடங்கவேண்டும். எவ்வளவு வரி கட்டப்பட்டது, அதில் எவ்வளவு புத்தகமாயிற்று என்பதை ஊர் ஊராகப் பார்த்தால், 1948இல் அவர் போட்ட ஏற்பாடு எங்கே இன்னும் தாங்குகிறது, எங்கே இற்றுப்போனது என்பது தெரியும்.