கூதிர்க் காலத்து இல்லறம்: நெடுநல்வாடை முதல் நம் வீடு வரை

பண்டைத் தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. தமிழகத்துக் கூதிர் என்பது மழையோடும் வாடைக் காற்றோடும் வரும் ஈரக் குளிர். டில்லியில் அதே மாதங்களில் மழை அரிது. மார்கழி, தையில்தான் இங்கே குளிர் கடுமை. இந்த வேறுபாட்டைத் தராசின் ஒரு தட்டில் வைத்துத்தான் நம் பழைய வழக்கங்களை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பத்துப்பாட்டில் ஏழாவதாகிய நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது, நக்கீரர் இயற்றியது. தலைவனைப் பிரிந்த அரசியின் துயரைச் சொல்ல வந்த பாட்டு, போகிற போக்கில் ஒரு குளிர்கால வீட்டையே நமக்குக் காட்டிவிடுகிறது. விசிறிகள் சுருக்கி மாட்டப்பட்டு, சிலந்தி நூல் படிந்து தொங்குகின்றன. குறுகிய வாயுள்ள செம்பின் தண்ணீரை யாரும் தொடுவதில்லை. அகன்ற வாயுள்ள தடவில், அதாவது கணப்புச் சட்டியில், தீ மூட்டிக் குளிர் காய்கிறார்கள். சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. அந்தக் கல் வடநாட்டார் கொண்டுவந்தது என்கிறார் புலவர். வியாபாரியான என் கண்ணில் முதலில் பட்டது இதுதான்! வடக்கும் தெற்கும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது நேற்று இன்றல்ல.

மேகம் மூடிய நாளில் பொழுது சாய்ந்ததை எப்படி அறிவது? தட்டில் இட்ட பிச்சி அரும்பு விரிந்து மணத்ததைக் கொண்டு மாலை வந்ததென்று அறிந்து, பெண்கள் இரும்பு விளக்கை ஏற்றினார்கள். நெல்லும் மலரும் தூவிக் கைதொழுதார்கள்.

எங்கள் சமண வீடுகளில் பொழுதறிவது உயிர்ப் பிரச்சினை. விளக்கொளியைத் தேடி வரும் பூச்சிகள் சோற்றில் விழுந்து மடியக்கூடாது என்பதால், சூரியன் மறையுமுன் உண்டு முடிப்போம். "மூடாக்கா இருந்தா இன்னும் சீக்கிரமே இலையைப் போடு" என்பாங்க எங்க வீட்டுப் பெரியவங்க. டிசம்பர்த் தொடக்கத்தில் டில்லியில் மாலை ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. கடை வைத்திருப்பவன் பாடு திண்டாட்டம்தான், ஆனாலும் விடவில்லை.

கூதிர் விளக்குகளின் காலமும்கூட. மகாவீரர் கி.மு. 527இல் பாவாபுரியில் முக்தியடைந்த வைகறையை நினைந்து நாங்கள் தீபாவளி விளக்கேற்றுகிறோம். அகநானூற்றின் 141ஆம் பாடலும் நக்கீரர் பெயரில் உள்ளது. மழை நீங்கிய வானில் நிறைமதி கார்த்திகை மீனைச் சேரும் இரவில், மூதூர்த் தெருக்களில் விளக்கு வைத்த விழாவை அது கூறும். "கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை" என்ற பழமொழி அந்த வானத்தையே இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பதோ இங்கே பாதிதான் பலிக்கும். மாசி பாதியில் டில்லிக்காரர் கம்பளியை மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தடவின் தம்பிதான் இங்குள்ள அங்கீட்டி. நம் பழைய வீடுகளில் முற்றம் இருந்தது, ஓட்டு இடுக்கில் காற்று வந்துபோனது. நாம் குடியிருக்கும் அடுக்ககத்திலோ குளிருக்குப் பயந்து சன்னலையும் சாத்திவிடுகிறோம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழாமலே போய்விடுவார். குளிர்காலந்தோறும் வட இந்தியாவில் இப்படி உயிர்கள் போகின்றன. படுக்கும் முன் அங்கீட்டியை அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

வழக்கத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது அதன் காரணத்தையும் சேர்த்தே கொடுங்கள். காரணம் கூட வந்தால்தான், ஊர் மாறினாலும் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றிக்கொள்வது என்று அவர்களே அறிந்துகொள்வார்கள்.