போதையும் அரசும் – 17: நீலத் தண்ணீர்

நேர்முகத் தேர்வு முடிந்தது. சம்பளம் பேசியாயிற்று. எந்தத் திங்கட்கிழமை வந்து சேர வேண்டும் என்பதுகூட முடிவாகிவிட்டது. ஆனாலும் அமெரிக்காவில் லாரியோ ரயிலோ ஓட்டப்போகிறவருக்கு ஒரு சடங்கு பாக்கியிருக்கும். சாம்பிள் எடுக்கும் இடத்தில், பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் மேஜைமேல் எடுத்து வைக்கச் சொல்வார்கள். மேல்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கை கழுவ வேண்டும். கழிப்பறைக்குள் நுழைந்தால், பீங்கானில் தண்ணீர் நீல நிறத்தில் நிற்கும். அதிலிருந்து ஒரு கை அள்ளிக் குப்பியில் ஊற்றிவிடக் கூடாதல்லவா, அதற்காகக் கரைத்த சாயம். குழாயைத் திருகினால் தண்ணீர் வராது. 45 மில்லி பிடித்துக்கொண்டு வெளியே வந்ததும், குப்பியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பட்டையை ஊழியர் பார்ப்பார். நான்கு நிமிடங்களுக்குள் அது 90-லிருந்து 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் காட்டியாக வேண்டும். சூடு ஆறியிருந்தால், அது உங்கள் உடம்பிலிருந்து வந்ததுதானா என்று சந்தேகம் வந்துவிடும். மறுமுறை ஓர் ஆள் கூடவே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

வரவில்லை என்றால்? அதற்கும் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று மணி நேர அவகாசம், 40 அவுன்ஸ் வரை தண்ணீர். அப்போதும் முடியாமல், அதற்கு மருத்துவக் காரணமும் இல்லாவிட்டால், சோதனைக்கு மறுத்ததாகவே கணக்கு.

இந்தச் சிறுநீர்ச் சோதனை எங்கே ஆரம்பித்தது என்று பார்க்க, சென்ற வாரம் நிறுத்திய இடத்துக்கே போக வேண்டும். 1971 ஜூன் 17. போதைப் பழக்கம்தான் அமெரிக்காவின் முதல் எதிரி என்று நிருபர்களிடம் அறிவித்தார் அதிபர் நிக்ஸன். அதற்குச் சில வாரங்களுக்கு முன் ராபர்ட் ஸ்டீல், மார்கன் மர்ஃபி என்ற இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் வியட்நாம் போய்வந்து ஓர் அறிக்கை கொடுத்திருந்தார்கள். அங்கிருக்கும் அமெரிக்க வீரர்களில் 10 முதல் 15 சதவிகிதம் பேர் ஹெராயினுக்கு அடிமை என்றது அறிக்கை. அந்த வீரர்களோ மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி பிடித்துப் பழகிய கை, உள்ளே ஹெராயின் கேட்கும் உடம்பு. இவர்கள் சிகாகோ, டெட்ராய்ட் தெருக்களில் இறங்கினால் என்ன ஆகும் என்று வாஷிங்டன் நடுங்கியது.

நிக்ஸன் கூப்பிட்டது ஜெரோம் ஜாஃபி என்ற மனநல மருத்துவரை. சிகாகோவில் ஹெராயின் அடிமைகளுக்கு மெதடோன் கொடுத்துச் சிகிச்சை செய்துகொண்டிருந்தவர். அவர் சொன்ன வழி எளிமையானது. வீடு திரும்பும் ஒவ்வொரு வீரனும் விமானம் ஏறுமுன் சிறுநீர் கொடுக்க வேண்டும். சுத்தமாக இருந்தால் ஏறலாம். இல்லையென்றால், அங்கேயே தங்கி விஷம் இறங்கும்வரை சிகிச்சை. ஜெயில், ராணுவ விசாரணை எதுவும் கூடாது என்பதும் ஜாஃபியின் நிபந்தனை. மாதக் கணக்கில் சேற்றிலும் குண்டிலும் கிடந்தவனுக்கு, வீட்டுக்குப் போகும் விமானத்தைவிடப் பெரிய ஆசை ஏது? ‘ஆபரேஷன் கோல்டன் ஃப்ளோ’ என்று இதற்குப் பெயர் விழுந்தது. பொன்னிற ஒழுக்கு. ராணுவத்தாரின் நகைச்சுவை உணர்ச்சி எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான்.

இத்தனை குப்பிகளையும் வேகமாகச் சோதிக்க ஒரு கருவி வேண்டுமே. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவிலிருந்த சைவா என்ற கம்பெனியிடம் அது இருந்தது. கருத்தடை மாத்திரைக்கான வேதிப்பொருளை உருவாக்கிப் பெயர் வாங்கிய சின்டெக்ஸும், ஆய்வகக் கருவிகள் செய்யும் வேரியனும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது.

ஜூன் முடிவதற்குள் வியட்நாமில் சோதனை தொடங்கிவிட்டது. அதன் முடிவுகளைப் பின்னால் தொடர்ந்து ஆராய்ந்தவர் லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர். ஊர் திரும்பிய சுமார் 900 வீரர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். சோதனை எந்த நாளில் என்பது வீரர்களுக்குத் தெரியும். அதனால் பலர் சில நாள் முன்னதாக நிறுத்திக்கொண்டு குப்பியை ஏமாற்றிவிட்டார்கள். இது முதல் செய்தி. இரண்டாவதை அந்தக் காலத்தில் பலர் நம்பவே மறுத்தார்கள். வியட்நாமில் அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 சதவிகிதம்தான். போர்க்களத்தோடு பழக்கமும் போய்விட்டது. இந்த இரண்டையும் அன்றே உட்கார்ந்து யோசித்திருந்தால், அடுத்த முப்பது வருடக் கதை வேறு மாதிரி போயிருக்கும். அரசு எடுத்துக்கொண்டது மூன்றாவது பாடம் ஒன்றை: லட்சக்கணக்கானவர்களைக் குப்பியோடு வரிசையில் நிறுத்த முடியும்.

அடுத்த கட்டம் கடலில். 1981 மே 26 இரவு, ஃபுளோரிடா கரைக்கு அப்பால் ‘நிமிட்ஸ்’ விமானந்தாங்கிக் கப்பலில் இறங்க வந்த ஒரு போர் விமானம் தளத்தில் மோதித் தீப்பிடித்தது. 14 பேர் பலி. பிரேதப் பரிசோதனையில், இறந்த தளப் பணியாளர்கள் சிலரின் உடலில் கஞ்சாவின் தடம் கிடைத்தது. விபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கடற்படையே சொன்னது. விமானியின் உடலில் இருந்தது அளவுக்கு மீறிய சளி மருந்து. ஆனால், செய்தியில் சளி மருந்து நிற்கவில்லை, கஞ்சா நின்றது. அந்த வருடக் கடைசியில் கடற்படை முழுக்கச் சிறுநீர்ச் சோதனை கட்டாயமானது. ஜாஃபி வைத்த நிபந்தனை இப்போது காணாமல் போயிருந்தது. மாட்டிக்கொண்டவனுக்குச் சிகிச்சைக்குப் பதில் வெளியேற்றம்.

அவசரத்தில் திறந்த லேப்கள் என்ன லட்சணத்தில் நடந்தன என்பது 1984-ல் தெரிந்தது. தரைப்படை தன் சோதனைகளைத் தானே திரும்பிப் பார்த்ததில், முந்தைய இரண்டு வருடங்களின் முடிவுகளில் பெரும்பகுதி சட்டத்தின் முன்னாலோ அறிவியலின் முன்னாலோ நிற்காது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பல்லாயிரம் வீரர்களின் பதிவேடு அதில் அடங்கியிருந்தது. குப்பி மாறுவது, சீட்டு மாறுவது, உறுதிப்படுத்தும் மறுசோதனை சரியாக நடக்காதது என்று, எந்த லேபிலும் நடக்கக்கூடிய சாதாரணத் தப்புகள்தான். இங்கே அது ஒருவனின் வேலையைக் கொண்டுபோயிற்று.

1986 வந்தது. ஜூன் மாதம் லென் பயஸ் என்ற இளம் கூடைப்பந்து வீரர், பாஸ்டன் செல்டிக்ஸ் அணி தன்னைத் தேர்ந்தெடுத்த இரண்டாம் நாள், கொகெய்னால் இறந்துபோனார். நாடே கொதித்தது. ஆகஸ்டில் அதிபர் ரீகனும் துணை அதிபர் புஷ்ஷும் எழுபதுக்கும் மேற்பட்ட வெள்ளை மாளிகை அதிகாரிகளும் தாங்களாகவே சிறுநீர் கொடுத்து முன்மாதிரி காட்டினார்கள். செப்டம்பர் 15 அன்று, மத்திய அரசின் முக்கியப் பொறுப்புகளில் இருக்கும் ஊழியர்களுக்குச் சோதனை என்று ரீகன் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். 1988-ல் விதிமுறைகள் வெளிவந்தன. தேட வேண்டியவை ஐந்து: கஞ்சா, கொகெய்ன், ஆம்ஃபெட்டமின், அபின் வகை, பிசிபி. இந்த ஐந்தை மறந்துவிடாதீர்கள்.

போக்குவரத்து போன்ற சில துறைகளைத் தவிர, தனியார் கம்பெனிகளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவை தாமாக வந்தன. வரவழைக்கவும் ஆட்கள் இருந்தார்கள். ராபர்ட் டுபாண்ட், நிக்ஸன் காலத்தில் தொடங்கிய தேசியப் போதைப் பழக்க ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர். பீட்டர் பென்சிங்கர், போதைத் தடுப்புப் போலீஸின் தலைவராக இருந்தவர். இருவரும் பதவியை விட்டபின் 1982-ல் சேர்ந்து ஓர் ஆலோசனை நிறுவனம் தொடங்கினார்கள். வேலையிடத்தில் போதையை எப்படி ஒழிப்பது என்று முதலாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அதன் தொழில்.

முதலாளியைச் சம்மதிக்க வைக்கக் கணக்கு வேண்டும். ‘போதைப் பழக்கம் உள்ள தொழிலாளி மற்றவரைவிட 3.6 மடங்கு விபத்தில் சிக்குகிறான், ஐந்து மடங்கு நஷ்டஈடு கேட்கிறான்’ என்ற வாசகம் எண்பதுகளில் கூட்டத்துக்குக் கூட்டம் ஒலித்தது. ஆதாரம் ‘ஃபயர்ஸ்டோன் ஆய்வு’ என்றார்கள். நியூயார்க்கில் மருந்தியல் பேராசிரியராக இருந்த ஜான் மார்கன் அந்த ஆய்வைத் தேடிப்போனார். அப்படி ஓர் ஆய்வு வெளியானதே இல்லை. 1972-ல் ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனியைச் சுற்றி நடந்த ஒரு பேச்சில்தான் அந்த எண்கள் முளைத்திருந்தன. பேச்சும் குடிநோயாளிகளைப் பற்றியது.

இன்னொரு கணக்கு இதைவிட அழகு. போதையால் அமெரிக்கத் தொழில்துறைக்கு வருடத்துக்குப் பல ஆயிரம் கோடி டாலர் நஷ்டம் என்ற எண், 1984-ல் வந்த ஓர் ஆய்விலிருந்து எடுத்தது. என்றைக்காவது ஒரு காலத்தில் தினமும் கஞ்சா புகைத்தவர் இருக்கும் குடும்பங்களின் வருமானம் மற்றக் குடும்பங்களைவிட 28 சதவிகிதம் குறைவு என்று அதில் கண்டிருந்தார்கள். அந்தக் குறைவு முழுவதையும் கஞ்சாவின் தலையில் கட்டி, நாடு முழுவதற்கும் பெருக்கிவிட்டார்கள். ஏழைகளிடம் பழைய செருப்பு இருக்கிறது, ஆகவே பழைய செருப்புதான் வறுமைக்குக் காரணம் என்று யாராவது கணக்குப் போட்டால் சிரிப்போம். இதற்கு யாரும் சிரிக்கவில்லை. 1987-ல் பெரிய கம்பெனிகளில் ஐந்தில் ஒன்றுதான் சோதித்துக்கொண்டிருந்தது. 1996-ல் 81 சதவிகிதம் என்றது அமெரிக்க மேலாண்மைச் சங்கத்தின் கணக்கெடுப்பு.

இடையில் நீதிமன்றமும் வழி திறந்துவிட்டது. 1987 ஜனவரியில் மேரிலாந்தின் சேஸ் என்ற ஊரில், சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த சரக்கு ரயில் இன்ஜின்கள் மீது பயணிகள் ரயில் மோதி 16 பேர் இறந்தார்கள். இன்ஜின் ஓட்டியவர் கஞ்சா புகைத்திருந்தார். எச்சரிக்கை விசிலின் வாயை டேப் ஒட்டி அடைத்திருந்ததும் விசாரணையில் தெரிந்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ரயில்வே ஊழியர்களைச் சோதிப்பது செல்லும் என்றது. அதே நாளில் சுங்கத் துறை ஊழியர்கள் வழக்கிலும் அரசு ஜெயித்தது, 5-க்கு 4 என்று மயிரிழையில். அங்கே எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் தாராளவாதியல்ல, பழமைவாதத்தின் சிங்கம் என்று பேர் வாங்கிய நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா. ரயில்வே வழக்கில் சரி என்றவர்தான். சுங்கத் துறையில் போதைப் பிரச்சினை இருப்பதற்குச் சான்றே இல்லையே, பெயருக்காக மனிதர்களை இப்படி அவமானப்படுத்துவதா என்பது அவர் கேள்வி. அந்தத் துறை சோதித்த 3,600 பேரில் மாட்டியவர்கள் ஐந்து பேர்.

1997-ல், தேர்தலில் நிற்பவர்களுக்கும் சிறுநீர்ச் சோதனை என்ற ஜார்ஜியா மாநிலச் சட்டம் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. அது செல்லாது, 8-க்கு 1. வாசகர்கள் இதற்கு விளக்கம் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

1990-ல் மத்திய அரசு தன் ஊழியர்களில் சுமார் 29,000 பேரைச் சோதித்தது. செலவு 1.17 கோடி டாலர். பிடிபட்டவர்கள் 153. ஒரு தலைக்கு ஏறத்தாழ 77,000 டாலர்.

அந்தக் குப்பி உண்மையில் என்ன சொல்கிறது? ஒருவர் இப்போது மயக்கத்தில் இருக்கிறாரா என்பதை அது சொல்லவே சொல்லாது. உடம்பு உடைத்துத் தள்ளிய கழிவு சிறுநீரில் இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். கொகெய்னின் கழிவு இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஹெராயினும் அப்படித்தான். கஞ்சா மட்டும் கொழுப்பில் போய்ப் படிந்துகொண்டு, அடிக்கடி புகைப்பவரின் உடம்பிலிருந்து வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வெளியேறும். வெள்ளிக்கிழமை இரவு கொகெய்ன் இழுத்தவர் புதன்கிழமை குப்பியைத் தைரியமாக நீட்டலாம். போன மாதம் கஞ்சாவை விட்டுவிட்டவர் மாட்டிக்கொள்வார். சாராயம் அந்த ஐந்தில் இல்லவே இல்லை. கருவிக்கு எது எளிதில் சிக்குகிறதோ, அது பெரிய குற்றமாகிவிட்டது. பிடிபட்டவர்களில் கஞ்சாக்காரர்களே எப்போதும் அதிகம் என்பதில் என்ன ஆச்சரியம்?

கசகசா கதையையும் சொல்ல வேண்டும். நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றும் அதே கசகசாவை அவர்கள் ரொட்டியின் மேல் தூவுகிறார்கள். அதில் ஒட்டியிருக்கும் மார்ஃபின் சிறுநீரில் தெரியும். காலைச் சிற்றுண்டியால் வேலை போகும் அபாயம் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் கேலிக்குள்ளாகும் அளவுக்கு வந்தபின், 1998-ல் அபின் வகைக்கான வரம்பை மில்லிக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000-க்கு உயர்த்தினார்கள்.

ஏமாற்றும் தொழிலும் கூடவே வளர்ந்தது. எண்பதுகளின் பிற்பாதியிலேயே டெக்ஸாஸில் ஒருவர் சுத்தமான சிறுநீரைப் பொடியாக்கித் தபாலில் விற்றார். வெந்நீரில் கரைத்தால் போதும். பிறகு சூடு காட்டும் பொட்டலங்கள் வந்தன, செயற்கைச் சிறுநீர் வந்தது, கூட நின்று பார்ப்பவரையும் ஏமாற்றப் பிளாஸ்டிக்கில் செய்த ஆண்குறி வந்தது. 2005-ல் மினியாபோலிஸ் விமான நிலையத்தில் ஒரு பிரபல ஃபுட்பால் வீரரின் பையிலிருந்து அது வெளியே வந்தபோது, பாதுகாப்பு ஊழியர்களின் முகத்தைப் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பெரிய லேப் கம்பெனியான குவெஸ்ட், ஆண்டுதோறும் தன் கணக்கை வெளியிடும். 1988-ல் நூற்றுக்கு 13.6 பேர் மாட்டினார்கள், 2012-ல் 3.5. போதை ஒழிந்தது என்று தொழில்துறை மார்தட்டியது. எனக்கு லீ ராபின்ஸ்தான் நினைவுக்கு வருகிறார். சோதனை நாள் தெரிந்தவன் சமாளிப்பான். சமாளிக்க முடியாதவன் அந்தக் கம்பெனிக்கு விண்ணப்பமே போட மாட்டான்.

ஐந்தை மறக்க வேண்டாம் என்றேனே. 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரை சந்தைக்கு வந்தது. மருத்துவர் சீட்டோடு வீட்டுக்கு வீடு நுழைந்து, ஊர் ஊராகப் பிணம் விழச் செய்தது. அதன் மூலப்பொருளான ஆக்ஸிகோடோன், அரசு விதிப்படியான சோதனைப் பட்டியலில் சேர்ந்தது எப்போது தெரியுமா? மத்திய அரசு ஊழியர்களுக்கு 2017 அக்டோபரில். லாரி, ரயில் ஓட்டுநர்களுக்கு 2018 ஜனவரியில். இருபது வருடத்துக்கு மேல், லாரி ஓட்டுநரின் குப்பியில் பிசிபியைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். ஃபென்டனில் மத்திய அரசு ஊழியர்களுக்கான பட்டியலுக்குள் வந்தது 2025-ல்.

கஞ்சாவோ மாநிலம் மாநிலமாகச் சட்டபூர்வமாகிவிட்டது. கடைக்கு ஆள் கிடைக்காத காலத்தில் அமேசான், 2021-ல் பெரும்பாலான வேலைகளுக்குக் கஞ்சாச் சோதனையைக் கைவிட்டது. கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி 1 முதல், பழைய கழிவு சிறுநீரில் இருக்கிறது என்பதற்காகப் பெரும்பாலான முதலாளிகள் ஒருவரை வேலைக்கு மறுக்க முடியாது. மத்திய அரசின் போக்குவரத்து விதி மட்டும் அசையவில்லை. கலிஃபோர்னியாவின் ஒரு கிடங்கில் பெட்டியை அடுக்குகிறவர் சனிக்கிழமை புகைத்துவிட்டுத் திங்களன்று நிம்மதியாக வேலைக்கு வரலாம். அந்தப் பெட்டியை ஏற்றிக்கொண்டு நெவாடா எல்லையைத் தாண்டப்போகிற லாரி ஓட்டுநர், நீலத் தண்ணீர் நிற்கும் கழிப்பறையின் வாசலில் தன் முறைக்காக உட்கார்ந்திருக்கிறார்.

(தொடரும்)