ஆறாம் ஆண்டுக்கு அப்பால்

பெக்கான் நானாஸ் போன்ற ஜொகூர்ச் சிற்றூர்களிலும் மலேசியாவின் தோட்டப்புறங்களிலும் தமிழ்ப் பதின்ம வயதினர் வழிதவறுவதற்குக் குடும்பத்தையும் திரைப்படத்தையும் குறைகூறுவது வழக்கமாகிவிட்டது. பள்ளி அவர்களை எந்த வயதில் கைநழுவ விட்டது என்னும் வரலாறு அதைவிடக் கூடுதலாக விளக்குகிறது.

பிரிட்டிஷ் காலத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகத்தைப் பள்ளி நடத்தச் செய்ய வழிவகுத்தது. ஆயினும் பல தோட்டங்களில் பள்ளி ஒற்றை அறையாகவும், ஆசிரியர் கிராணி எனப்படும் தோட்டக் கணக்கராகவோ எழுத்தறிந்த தொழிலாளியாகவோ இருந்தமையால், பிள்ளைகள் சிறிது வளர்ந்ததும் புல்வெட்டுக்கும் பால்மரத்துக்கும் போயினர். கள்ளுக்கடை மட்டும் நிர்வாகத்தின் ஒப்புதலோடு தவறாமல் திறந்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கெடாவில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, இளைஞர்களை அணிவகுக்கச் செய்து, 1947இல் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் காவல்துறையோடு மோதும் நிலைவரை சென்றது. இங்கே தற்கட்டுப்பாடு, அதாவது உடனடி இன்பத்தைத் தள்ளிவைக்கும் ஆற்றல், தனிமனித விரதமாக அன்றிக் கூட்டாகப் பழகிய ஒழுங்காக நிலவியது என்பதே கவனிக்கத்தக்கது.

1960களின் நடுப்பகுதி வரை ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வில் தவறியவர்களுக்குக் கல்வி அத்தோடு முடிந்தது. அத்தேர்வு நீங்கிய பின் கதவு திறந்தது. ஆனால் தமிழில் பயின்று மலாயில் போதிய தேர்ச்சி பெறாதவர்கள் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டைப் புகுமுக வகுப்பில் கழிக்க வேண்டியிருந்தது. மொழியைச் செம்மைப்படுத்தும் நோக்கில் அமைந்த அவ்வகுப்பு, பதின்மூன்று வயதுப் பிள்ளையை அதன் ஒத்த வயதினரிடமிருந்து பிரித்து, பழகிய ஆசிரியரும் சிறு பள்ளியும் இல்லாத பெருங்கூட்டத்தில் பின்தங்கியவனாக அடையாளமிட்டது. அமெரிக்கச் சமூகவியலர் டிராவிஸ் ஹிர்ஷி 1969இல் முன்வைத்த சமூகப் பிணைப்புக் கோட்பாடு, பள்ளியோடும் ஆசிரியரோடும் ஒட்டுதல் தளர்ந்த இளைஞரே குற்றத்தை நோக்கி எளிதில் நகர்வர் என்றது; 1990இல் அவரும் மைக்கேல் காட்ஃபிரெட்சனும் தற்கட்டுப்பாட்டின் குறைவையே முதற்காரணமாக்கினர். தோட்டப்புற வரலாற்றைப் பார்க்கும்போது முதற்கூற்றே வலுவாகத் தோன்றுகிறது, ஏனெனில் பள்ளியில் இடமிழந்தவனிடம் நாளைக்காக இன்று பொறுத்திரு என்பதற்குப் பொருள் மிகக் குறைவு.

இந்த இடைவெளியை நிரப்ப முதலில் முன்வந்தது சமூகமே. 1982இல் டாக்டர் மு. தம்பிராஜா தோற்றுவித்த ஸ்ரீ முருகன் நிலையம், பட்டதாரிகளையும் பல்கலைக்கழக மாணவர்களையும் தன்னார்வ ஆசிரியர்களாகக் கொண்டு, இடைநிலைப்பள்ளி மாணவருக்குக் கூடுதல் வகுப்புகளை நடத்தியது. பாடத்தோடு வழிபாட்டையும், பத்துமலைக்குச் செல்லும் கல்வி யாத்திரையையும் இணைத்தது அதன் தனித்தன்மை; படிப்பையே நேர்த்திக்கடனாக்கிய அந்த உத்தி, கட்டுப்பாட்டை மாணவருக்கு அந்நியமில்லாத வடிவில் தந்தது. எனினும் வகுப்புக்கு வர மனமுள்ளவரையே அது எட்ட முடிந்தது. பள்ளியை விட்டே வெளியேறியவர்களுக்குத் தங்குமிடத்தோடு தொழிற்பயிற்சி அளிக்கும் மைஸ்கில்ஸ் அறவாரியம் 2011இல்தான் உருவானது. உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டு, அவற்றின் உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் இந்தியர் என அறிவித்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.