அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நாய் நொண்டுகிறதா? வீட்டில் கவனிக்க வேண்டியவை

பைக் மோதியும், டிராக்டர் டிரெய்லரில் இருந்து குதித்தும், மாடு உதைத்தும் தோட்டத்து நாய்களுக்குக் கால் முறிவது அடிக்கடி நடக்கிறது. வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வருகிறவர்களும் உண்டு. அலைச்சலும் செலவும் பார்க்காமல் அங்கே வரை போனவர்கள், வீட்டுக்கு வந்த பிறகு கோட்டை விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் மேஜையில் செய்வது ஓரிரு மணி நேர வேலை. நாம் வீட்டில் பார்க்க வேண்டியது இரண்டு, மூன்று மாத வேலை.

பத்து கிலோவுக்குக் குறைவான நாய்களிடம் ஒரு குணம் உண்டு. உடம்பு இலகுவாக இருப்பதால் மூன்று காலிலேயே சுலபமாக ஓடிப் பழகிவிடும். எலும்பு கூடி வலி போன பிறகும் அந்தக் காலைத் தூக்கியபடியே திரியும். வேலை செய்யாத காலில் சதை வற்றும், மூட்டு இறுகும். எலும்பு நன்றாகக் கூடியும் நொண்டல் நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

என்ன அறுவை சிகிச்சை என்று கேட்டு வாருங்கள்

இதைக் கேட்காமல் வருவதுதான் பெரிய தவறு. ஏனென்றால் கவனிப்பு ஒன்றுக்கொன்று நேர்மாறானது.

எலும்பு முறிவுக்குக் கம்பியோ பிளேட்டும் ஸ்க்ரூவுமோ வைத்திருந்தால் நாயை அடக்கி வைக்க வேண்டும். கம்பியும் பிளேட்டும் எலும்பு கூடும் வரை அதைப் பிடித்து வைப்பதற்குத்தான். நாய் குதித்தால் அவை வளையும், ஸ்க்ரூ கழலும், இரண்டாவது அறுவை சிகிச்சை வரும். குட்டிகளுக்கு எலும்பு நான்கைந்து வாரத்தில் கூடிவிடும். வளர்ந்த நாய்க்கு 8 முதல் 12 வாரம் ஆகலாம். சிறிய நாய்களின் முன்கால் எலும்பு மணிக்கட்டுக்கு அருகில் முறிந்தால் இன்னும் தாமதமாகும், அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு.

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதியை எடுத்துவிடும் சிகிச்சையும் சிறிய நாய்களுக்குச் செய்வார்கள். இங்கே கூடுவதற்கு எலும்பு இல்லை. சதையும் தழும்பும் சேர்ந்துதான் புது மூட்டாக வேலை செய்யும். அதனால் மருத்துவர் சொல்லும் நாளில் இருந்தே காலை மெதுவாக அசைக்கவும், கயிற்றில் பிடித்து நடத்தவும் தொடங்க வேண்டும். "பாவம், வலிக்கும்" என்று இரண்டு மாதம் கட்டிப்போட்டால் இடுப்பு இறுகிப்போகும்.

பொமரேனியன் போன்ற நாய்களுக்கு முட்டிச் சில்லு விலகுவதற்குச் செய்யும் சிகிச்சை மூன்றாவது வகை. இதற்கும் ஆறிலிருந்து எட்டு வாரம் ஓட்டம், குதியல் கூடாது.

முதல் இரண்டு வாரம்

கூண்டு இல்லாவிட்டால் திண்ணையின் ஒரு மூலையில் தட்டி வைத்து அடையுங்கள். நாய் எழுந்து திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். சிமெண்ட், டைல்ஸ் தரை வழுக்கும். சாக்கோ தென்னை நார் மிதியடியோ விரியுங்கள். நீளக் கயிற்றில் கட்டினால் அடைத்த கணக்காகாது, கயிறு எட்டும் வரை துள்ளும். சிறுநீர், மலம் கழிக்க மட்டும் குட்டைக் கயிற்றில் பிடித்து ஐந்து நிமிடம் வெளியே கொண்டு செல்லலாம்.

தையலை நக்க விடக் கூடாது. கழுத்துக்குப் போடும் பிளாஸ்டிக் கூம்பு கிடைக்காவிட்டால், சின்ன பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, ஓரத்தில் துணி சுற்றி மாட்டலாம். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். கட்டு இருந்தால் தினமும் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். விரல் வீங்கினாலோ, சில்லிட்டாலோ, கட்டில் நாற்றம் வந்தாலோ அன்றே கட்டைப் பிரிக்க வேண்டும். வெளியே போகும்போது கட்டின் மேல் பாலித்தீன் பை சுற்றி, உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள்.

தையலுக்கு மேல் எண்ணெய் தேய்ப்பது, பச்சிலை அரைத்துப் போடுவது, மூங்கில் பத்தை வைத்து இன்னொரு கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம்.

வலி மாத்திரை விஷயத்தில் கண்டிப்பு தேவை. மனிதர்களுக்கான பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோபினாக் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். குடல் புண்ணாகும், சிறுநீரகமும் ஈரலும் கெடும். கழுகுகளைக் காப்பதற்காக, கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் போடுவது 2006 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. நாய்க்கும் அது ஆபத்துதான். மெலாக்சிகாம் நாய்க்குக் கொடுக்கக்கூடிய மருந்து. ஆனால் 5 கிலோ நாய்க்குத் தொடர்ந்து கொடுக்கும் தினசரி அளவு ஏறக்குறைய அரை மில்லி கிராம்தான். கடையில் கிடைக்கும் மனிதர் மாத்திரை 7.5 அல்லது 15 மில்லி கிராம். ஒரு மாத்திரை கொடுத்தாலே 15 நாள் மருந்து ஒரே வேளையில் போகிறது. மருத்துவர் தந்த மருந்தையும் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுங்கள். வாந்தியோ கருப்பு மலமோ வந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். கடித்தால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காலை ஊன்ற வைப்பது

பெரும்பாலான நாய்கள் இரண்டு வாரத்துக்குள் விரல் நுனியையாவது தரையில் வைக்கும். அதன் பிறகும் தூக்கியே வைத்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரே 6 முதல் 8 வாரத்தில் எடுப்பார்கள். நாய் நன்றாக ஓடுகிறதே என்று இதைத் தவிர்க்க வேண்டாம். வலி எலும்பு கூடுவதற்கு முன்பே போய்விடும்.

எலும்பு கூடியது உறுதியான பிறகு நடையை வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். மிக மெதுவாக நடத்த வேண்டும். வேகமாகப் போனால் காலைத் தூக்கிக்கொள்ளும், மெதுவாகப் போனால் ஊன்றித்தான் ஆக வேண்டும். உட்கார வைத்து எழுப்புவது, ஒரு வேளைக்கு ஐந்தாறு தடவை, தொடைச் சதைக்கு நல்ல பயிற்சி. காயம் முழுதும் ஆறியிருந்தால் வாய்க்காலில் வயிறு நனையும் அளவு தண்ணீரில் நடத்தலாம். தண்ணீர் உடம்பைத் தாங்குவதால் பயமில்லாமல் காலை வைக்கும். நகத்தையும் பாருங்கள். ஊன்றாத காலில் நகம் தேயாமல் வளர்ந்து, அதுவே ஊன்ற விடாமல் செய்யும்.

மாதம் ஒரு முறை இரண்டு தொடையையும் நடுவில் தையல் டேப்பால் அளந்து எழுதி வைத்தால், சதை ஏறுகிறதா என்று தெரிந்துவிடும்.

எந்த நொண்டலுக்குப் பயப்பட வேண்டும்?

முன்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். பின்காலில் என்றால் அந்தப் பக்கத்து இடுப்பு எழும்பும். வாரத்துக்கு வாரம் இது குறைந்துகொண்டே வந்தால் கவலை இல்லை.

ஊன்றிக்கொண்டிருந்த காலைத் திடீரென்று தூக்கினால் கம்பியோ ஸ்க்ரூவோ நகர்ந்திருக்கலாம். தோலுக்கடியில் கம்பி முனை தட்டுப்படுவதும் அதன் அடையாளமே. பாதத்தின் மேல்பக்கம் தரையில் உரசும்படி இழுத்து நடந்தால் நரம்பு பாதிப்பு. தழும்பருகே சின்ன ஓட்டை விழுந்து, சீழ் வடிந்து, மூடி, மறுபடி திறந்தால் உள்ளே இருக்கும் பிளேட்டில் கிருமி பிடித்திருக்கலாம். இது மாதங்கள் கழித்தும் வரும்.

தொடை எலும்பு முறிந்த குட்டிகளிடம் இன்னொன்று இருக்கிறது. முன்தொடைச் சதை எலும்போடு ஒட்டி இறுகி, முட்டி மடங்காமல் கால் கட்டைபோல் நீண்டுவிடும். சில வாரங்களிலேயே இது நடந்துவிடும், பிறகு சரிசெய்வது மிகவும் கடினம். முட்டி மடங்குவது குறைகிறது என்று தோன்றிய அன்றே கிளம்புங்கள்.

இவை எதுவும் இல்லாமல், காலையில் எழுந்ததும் கொஞ்சம் நொண்டி, நடக்க நடக்கச் சரியாகிற நாய்க்கு மூட்டுத் தேய்மானம் இருக்கலாம். மழைக்காலம், பனிக்காலத்தில் கூடும். ஈரத் தரையில் படுக்க விடாதீர்கள், உடம்பு பெருக்க விடாதீர்கள். எலும்புத் தலையை எடுத்த நாய்க்குக் கால் ஒரு சுற்றுக் குட்டையாகி, லேசான நொண்டல் ஆயுசுக்கும் நிற்கலாம். அதில் வலி இல்லை. அதற்காக மறுபடி செலவு செய்யவும் வேண்டாம், நாயை ஒதுக்கவும் வேண்டாம்.

தோட்டக் காவலுக்கு எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரிந்து, மேலும் ஒரு மாதம் கயிற்றில் நடந்த பிறகு அவிழ்த்துவிடலாம். குரைப்பதற்குக் கால் தேவையில்லை. பன்றியை விரட்டி ஓடுவதை மட்டும் இனி எதிர்பார்க்காதீர்கள். எலும்பு கூடாமல், சீழும் நிற்காமல் போய், மருத்துவர் காலை எடுத்துவிடலாம் என்று சொன்னால் பதற வேண்டாம். சிறிய நாய்கள் மூன்று காலில் நன்றாகவே நடக்கும், ஓடும். தீராத வலியோடு ஒரு காலை இழுத்துக்கொண்டு திரிவதைவிட நாய்க்கு அது மேல்.