ஆங்கில இறந்தகாலம் வந்த வழி

'நேற்றுக் கோவிலுக்குப் போயிருந்தேன்' என்பது பிழையற்ற தமிழ். அதையே நம் மாணவர் 'ஐ ஹேட் கான் டு த டெம்பிள் யெஸ்டர்டே' என்று எழுதினால் சிவப்புக் கோடு விழுகிறது. கவனம் போதாது என்று பெற்றோரிடமும் சொல்லப்படுகிறது. இதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் வினை காட்டிய காலம் இரண்டே: நிகழ்காலம், இறந்தகாலம். 1653இல் ஆங்கிலத்துக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதிய ஜான் வாலிசும் இரண்டு என்றே சொன்னார். மூன்று காலத்தையும் வினையின் உருவிலேயே காட்டும் நமக்கு இது வியப்புத்தான்!

'ஹேவ்' என்பது உடைமையைக் குறிக்கும் சொல். 'கடிதத்தை எழுதப்பட்ட நிலையில் வைத்திருக்கிறேன்' என்னும் பொருளில் தொடங்கிய தொடர், நாளடைவில் எழுதிய செயலையே குறிக்கலாயிற்று. நாமும் 'எழுதி வைத்திருக்கிறேன்' என்கிறோம் அல்லவா? வருதல், போதல் போன்ற வினைகளோடு அக்கால ஆங்கிலம் 'இரு' என்னும் பொருளுடைய 'பி' வினையைச் சேர்த்தது. 'ஹி இஸ் கம்' என்பதும் நம் 'வந்திருக்கிறான்' என்பதும் ஒரே அமைப்பு. 19ஆம் நூற்றாண்டில் 'ஹேவ்' அவ்விடத்தையும் பிடித்துக்கொண்டது. 'ஹி இஸ் கான்' போன்ற சில தொடர்களே மிச்சம்.

குறித்த காலத்தைச் சொல்லும்போது 'ஹேவ்' வரலாகாது என்னும் விதியும் மெல்ல இறுகியதே. லிண்ட்லி மரே 1795இல் வெளியிட்ட இலக்கணத்தில், நடப்பு நூற்றாண்டின் நிகழ்ச்சிக்கு 'ஹேவ்', சென்ற நூற்றாண்டின் நிகழ்ச்சிக்குத் தனி இறந்தகாலம் என்று பிரித்துக் காட்டினார். அமெரிக்கர் இன்றும் 'ஆல்ரெடி' என்பதோடு தனி இறந்தகாலத்தைத் தாராளமாக ஆள்கின்றனர். நம் தேர்வுத்தாளில் அதைச் சொல்லித் தப்ப முடியாது.

அமைப்பில் இத்துணை நெருக்கம் இருந்தும் மாணவர் இடறுவது 'ஹேட்' என்னும் இடத்தில்தான். 'கோவிலுக்குப் போயிருந்தேன், அங்கே உன் அம்மாவைப் பார்த்தேன்' என்னும்போது, தமிழில் முதல் வினை அடுத்து வரும் செய்திக்குக் களம் அமைக்கிறது. ஆங்கில 'ஹேட்' அப்பணியைச் செய்வதில்லை. கடந்துபோன ஒன்றுக்கும் முன்னே நடந்ததையே அது சுட்டும். எனவே, 'ஹேட்' எழுதும் மாணவரிடம் 'எதற்கு முன்?' என்று மட்டும் கேட்கிறேன். 'மழை வருவதற்கு முன்' என்றால் 'ஹேட் கான்' நிற்கட்டும். விடை இல்லையெனில், மாணவரே அதை அடித்துவிட்டு 'வென்ட்' என்று எழுதுகிறார்.